அறைவீட்டுக்குள் நடக்கிறது என்ன?



இந்த மாதத் தியானத்துக்கு மத்தேயு 6:6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வேதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை வாசியுங்கள். ஜெபிக்கிறவனுக்கு ஆண்டவர் அங்கே மூன்று காரியங்களைச் சொல்லுகிறார். உள்ளே போக வேண்டும். கதவை அடைக்க வேண்டும். ஒருவரும் பார்க்காத இடத்தில் பிதாவோடு பேச வேண்டும்.

கூடி ஜெபிக்கிறதில் நம் சபைக்குக் குறைவில்லை. தேவனுக்கே மகிமை! வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இருக்கிறது. மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம் இருக்கிறது. கைதட்டிப் பாடி, சத்தமிட்டுத் துதித்து, அந்நிய பாஷையில் நிறைந்து வீட்டுக்குப் போகிறோம். சரி, வீட்டுக்குப் போன பிறகு? சனிக்கிழமை காலை? செவ்வாய்க்கிழமை ராத்திரி? அங்கே மைக் இல்லை, டிரம்ஸ் இல்லை, பக்கத்தில் ஆமென் சொல்ல ஆள் இல்லை. கதவு அடைத்த பிறகு அந்த அறைக்குள் என்ன நடக்கிறது? இதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும் என்று என் உள்ளத்தில் பாரம் உண்டாயிற்று.

நம் சபையில் அநேகர் ஆர்.சி. குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அப்படி வந்த ஒரு வாலிப சகோதரி என்னிடத்தில் ஒரு கேள்வி கேட்டாள். "பாஸ்டர், ராத்திரி ஏழரை மணியானா எங்க அம்மா செபமாலையை எடுத்துடுவாங்க. எல்லாரும் முழங்கால் போடணும். நான் எழுந்து வெளியே போயிடவா? இல்லே, இதெல்லாம் வீண்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிடவா?"

நான் சொன்னேன்: "அம்மாகிட்ட சண்டை போடாதேம்மா. அவங்க மனசை நோகடிச்சு ஒரு ஆத்துமாவையும் ஆதாயம் பண்ண முடியாது. உன் விசுவாசத்தைப் பணிவா சொல்லு. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். அவங்க தினமும் ஏழரைக்கு முழங்கால் போடறாங்க. நீ எத்தனை மணிக்குப் போடறே?"

சகோதரி தலைகுனிந்தாள். பிரியமானவர்களே, அந்தக் கேள்வி அவளுக்கு மாத்திரம் அல்ல, எனக்கும் உங்களுக்கும்தான்.

நாம் ஜெபம் என்கிறோம், அவர்கள் செபம் என்று எழுதுகிறார்கள். எழுத்து வேறு. உபதேசத்திலும் வேறுபாடு உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு மனிதன் தனியாய்த் தேவனோடு எப்படி உறவாடுகிறது என்பதைப் பற்றி கத்தோலிக்கருக்குள்ளே நூற்றாண்டுக் கணக்காய் அனுபவப்பட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1992-இல் வெளியான அவர்களுடைய மறைக்கல்வி நூல் தனிச் செபத்தை மூன்று விதமாய்ச் சொல்லுகிறது. ஒன்று, வாயினால் சொல்லுகிற செபம். இரண்டு, மனதினால் செய்கிற தியானம். மூன்று, வார்த்தை குறைந்து தேவனுக்கு முன்பாக உள்ளம் அமர்ந்திருக்கிற ஆழ்நிலைச் செபம். எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்குச் சொன்னாரே, அந்தப்படியே இவைகளைச் சோதித்துப் பார்ப்போம்.

1. வாயின் ஜெபம்

1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாத மனுஷன். விசுவாசப் பிரமாணத்தையும், கர்த்தருடைய ஜெபத்தையும், பத்துக் கற்பனைகளையும் தமிழில் எழுதுவித்து, தாமே மனப்பாடம் பண்ணி, கையில் மணி அடித்துக்கொண்டு தெருத் தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். 1578-இல் அண்ட்ரிக் பாதிரியார் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற சிறு புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் என்று அறியப்படுவது அதுதான். செபமும் உபதேசமும் கற்றுக்கொடுக்கிற புத்தகம் அது. மீனவ ஜனங்கள் வாயினால் சொல்லிச் சொல்லியே ஜெபிக்கப் பழகினார்கள்.

செபமாலையும் வாயின் செபந்தான். ஒரு கர்த்தர் கற்பித்த செபம், பத்து மங்கள வார்த்தைச் செபம், ஒரு திரித்துவப் புகழ்; இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு பத்துக்கும் இயேசுவின் வாழ்க்கையிலிருந்தோ மாதாவின் வாழ்க்கையிலிருந்தோ ஒரு சம்பவத்தை மனதில் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் முறை. அதைத் தேவ ரகசியம் என்பார்கள். சந்தோஷம், துக்கம், மகிமை என்று மூன்று வரிசை இருந்தது. 2002-இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் ஒளியின் வரிசை என்று நான்காவதைச் சேர்த்தார். அதிலே ஆண்டவருடைய ஞானஸ்நானமும் கானாவூர் கலியாணமும் வருகின்றன.

இங்கே என் நிலையைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். மங்கள வார்த்தையின் முதல் பாகம் லூக்கா முதலாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அது வேத வார்த்தை. பின் பாகம் மரியாளை நோக்கி நமக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்கிறது. அங்கேதான் நாம் நின்றுவிடுகிறோம். தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவே மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 நமக்குப் போதிக்கிறது. அந்த ஒருவரிடத்தில் நேராய்ப் போக நமக்குத் தைரியம் உண்டு. அல்லேலூயா! இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

ஆனாலும் "திரும்பத் திரும்பச் சொல்றதே தப்பு" என்று சிலர் சொல்லுகிறார்களே, அது சரியா? கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44-இல் பார்க்கிறோம். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றிலும் அதே பல்லவி. மத்தேயு 6:7-இல் ஆண்டவர் கண்டித்தது வீண் வார்த்தையை. அதிக வார்த்தையினால் தேவன் கேட்பார் என்று எண்ணுகிற எண்ணத்தை. உள்ளம் இல்லாமல் நூறு தரம் சொன்ன மங்கள வார்த்தை வீண் என்றால், உள்ளம் இல்லாமல் நூறு தரம் சொன்ன ஸ்தோத்திரம் எப்படி? யோசியுங்கள்.

பிரான்சில் லிசியே என்ற ஊரில் குழந்தை இயேசுவின் தெரேசா என்ற கன்னியாஸ்திரீ 24 வயதில் 1897-இல் மரித்தாள். செபமாலை சொல்லுவது தனக்கு எவ்வளவு கஷ்டம், மனம் எப்படி ஓடிப்போகிறது என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். உள்ளம் வறண்டுபோன நேரத்தில் அவள் செய்தது என்ன தெரியுமா? கர்த்தருடைய ஜெபத்தை எடுத்து, மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னாள். அதுவே தன் ஆத்துமாவைப் போஷித்தது என்கிறாள். நாம் அந்த ஜெபத்தை எத்தனை விநாடியில் முடிக்கிறோம்? "பிதாவே" என்ற முதல் வார்த்தையில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

2. மென்று தின்கிற ஜெபம்

இனி தியானத்துக்கு வருவோம். பிரான்சு தேசத்து ஆல்ப்ஸ் மலையில் கிராண்ட் சார்த்ரூஸ் என்ற மடம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் அதன் தலைவராயிருந்த இரண்டாம் கைகோ என்பவர் வேதத்தை வைத்து ஜெபிக்கிற முறையை நாலு படியுள்ள ஏணியாக எழுதினார். வாசிப்பு, தியானம், ஜெபம், தேவ சமுகத்தில் இளைப்பாறுதல். அவர் சொன்ன உவமை எளிதானது. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது. தியானம் அதை மெல்லுகிறது. ஜெபம் ருசியைக் கண்டடைகிறது. நாலாவது படி அந்த இனிமையேதான்.

நம்முடைய வேத வாசிப்பு எப்படி இருக்கிறது? வருஷத்துக்கு ஒரு தரம் வேதத்தை முடிக்க வேண்டும் என்று அட்டவணை போட்டு, தினமும் மூன்று அதிகாரம் ஓட்டுகிறோம். நல்லதுதான்; விடாதீர்கள். ஆனால் விழுங்குகிறது வேறு, மெல்லுகிறது வேறு. மாடு மேய்ந்துவிட்டு வந்து நிழலில் படுத்து அசைபோடுகிறதைப் பார்த்திருக்கிறீர்களே. மேய்ச்சல் உடம்பில் ஒட்டுவது அசைபோடும்போதுதான். சங்கீதம் 1-இல் சொல்லப்பட்ட பாக்கியவான் வேதத்தை இரவும் பகலும் தியானிக்கிறவன்.

செய்முறை இது. ஒரு சிறு பகுதியை எடுங்கள். ஐந்தாறு வசனம் போதும். மெதுவாய் வாசியுங்கள். எந்த வார்த்தை உங்களைத் தொடுகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். அடுத்த வசனத்துக்கு ஓடாதேயுங்கள். அந்த வார்த்தையை மனதில் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள். அது உங்கள் குடும்பத்தில், உங்கள் கடனில், உங்கள் கோபத்தில் என்ன பேசுகிறது என்று கேளுங்கள். பிறகு அதையே ஜெபமாக்கி ஆண்டவரிடம் சொல்லுங்கள். பின்பு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

மேய்ப்பர்கள் வந்துபோன பிறகு மரியாள் செய்தது இதுதானே! லூக்கா 2:19-ஐப் பாருங்கள். கேட்டதையெல்லாம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தாள். மரியாளிடத்தில் ஜெபிக்க வேண்டாம் என்கிற நாம், மரியாளைப்போல ஜெபிக்கலாமே.

3. ராத்திரியில் கணக்குப் பார்க்கிற ஜெபம்

1521-இல் ஸ்பெயின் தேசத்துப் பம்ப்லோனா கோட்டையில் நடந்த சண்டையில் இக்னேஷியஸ் என்ற போர்வீரனுடைய காலைப் பீரங்கிக் குண்டு உடைத்தது. மாதக் கணக்கில் படுக்கை. வாசிக்கப் போர்வீரர் கதைகள் கேட்டான். அந்த வீட்டில் கிடைத்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் பரிசுத்தவான்களின் கதைகளும்தான். படுத்தபடியே அவன் ஒன்றைக் கவனித்தான். உலகப் பெருமையைக் கனவு காணும்போது இன்பமாயிருந்தது, பிறகு உள்ளம் வறண்டது. கிறிஸ்துவைப் பின்பற்றுவதை நினைத்தபோதும் இன்பமாயிருந்தது; பிறகும் அந்தச் சந்தோஷம் தங்கிற்று. உள்ளத்துக்குள் நடக்கிறதைக் கவனிக்க அங்கே கற்றுக்கொண்டான். பின்னாளில் அவர் எழுதிய "ஆன்மீகப் பயிற்சிகள்" என்ற கையேடு 1548-இல் ரோமாபுரியின் அங்கீகாரம் பெற்றது.

அதிலே ஆத்தும சோதனை என்று ஒரு ஜெபம் இருக்கிறது. ஐந்து படி. முதலாவது, பெற்றுக்கொண்ட நன்மைகளுக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லுதல். இரண்டாவது, என் பாவத்தை நான் அறிய எனக்குக் கிருபை தாரும் என்று கேட்டல். மூன்றாவது, எழுந்தது முதல் இந்நேரம் வரைக்கும் மணி மணியாய் நாளைத் திருப்பிப் பார்த்தல். நினைவு, வார்த்தை, செய்கை மூன்றிலும். நாலாவது, மன்னிப்புக் கேட்டல். ஐந்தாவது, நாளைக்குத் திருந்தத் தீர்மானித்தல்.

நம்மில் அநேகர் பாவத்தை மொத்தமாய் அறிக்கை பண்ணுகிறோம். "ஆண்டவரே, அறிந்தும் அறியாமலும் செய்த எல்லாப் பாவத்தையும் மன்னியும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துப் படுத்துவிடுகிறோம். மளிகைக் கடைக்காரர் ராத்திரி கல்லாவை இப்படியா முடிக்கிறார்? ஒவ்வொரு ரூபாயையும் எண்ணுகிறார். "காலை பத்து மணிக்கு மாமியாரிடம் அந்த வார்த்தை சொன்னேன். மத்தியானம் ஆபீஸில் செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன்" என்று பேர் சொல்லி எடுத்து வைக்கும்போதுதான் ஆவியானவர் அந்த இடத்தைத் தொடுகிறார். தாவீது 139-ஆம் சங்கீதத்தின் கடைசியில் தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி தேவனையே அழைக்கிறான். முதல் படி நன்றி என்பதை மறக்காதேயுங்கள். நன்றியில்லாமல் பாவத்தை மட்டும் தோண்டினால் மனம் சோர்ந்துபோகும்.

4. அமர்ந்திருக்கிற ஜெபம்

மூன்றாவது வகை நமக்கு மிகக் கடினமானது. நமக்கு மௌனம் என்றால் பயம். ஆராதனையில் அரை நிமிஷம் அமைதி வந்தால் கீபோர்டு தம்பியைத் திரும்பிப் பார்க்கிறோம்!

ஸ்பெயினில் ஆவிலா என்ற ஊரில் 1515-இல் பிறந்த தெரேசா அம்மையார், தனியாய்த் தேவனோடு பேசுகிறதை நம்மை நேசிக்கிற ஒரு சிநேகிதரோடு அடிக்கடி தனித்திருக்கிறதாகவே பார்த்தார். ஜெபம் வளருகிறதைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற உவமையால் விளக்கினார். முதலில் கிணற்றிலிருந்து வாளியால் இறைக்க வேண்டும். கை வலிக்கும், தண்ணீர் கொஞ்சம். பிறகு நீர்ச்சக்கரம், பாடு குறைவு, தண்ணீர் அதிகம். மூன்றாவது, ஆற்றுத் தண்ணீர் பாய்கிறது. நாலாவது மழை, தோட்டக்காரன் ஒன்றும் செய்யவில்லை, கர்த்தரே நனைக்கிறார்.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். நமக்கோ எப்போதும் மழை வேண்டும். கூட்டத்தில் மழை பெய்தது, நனைந்தோம், சந்தோஷம். மறுநாள் வீட்டில் மழை இல்லை என்றவுடன் வாளியைத் தொடுகிறதே இல்லை. மழை தேவனுடைய கையில் இருக்கிறது. வாளி உன் கையில் இருக்கிறதே!

அந்த அம்மையாரும் ஒரே நாளில் அங்கே போய்ச் சேரவில்லை. ஜெப மணி எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று பல வருஷம் காத்திருந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தாம் தகுதியற்றவள் என்று எண்ணி ஒரு வருஷத்துக்கு மேல் தனி ஜெபத்தையே விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை என்று பின்னால் எச்சரிக்கிறார். "நான் விழுந்துட்டேன் பாஸ்டர், எந்த முகத்தோட ஜெபிக்கறது?" என்று கேட்கிற தம்பியே, இது உனக்குத்தான். விழுந்தவன் முதலில் ஓட வேண்டிய இடம் அந்த அறைதான்.

சத்தமில்லாமல் ஜெபிக்கிறது ஆவியில்லாத ஜெபம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அன்னாள் உதடு மட்டும் அசைய, சத்தம் கேட்காமல் ஜெபித்தாள். ஏலி அவளைக் குடிவெறி கொண்டவள் என்று நினைத்தான். பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் பல பாஷைகளில் பேசினார்கள். ஜனங்கள் அவர்களையும் குடித்தவர்கள் என்றுதான் பரியாசம்பண்ணினார்கள். பாருங்கள்! மௌனமாய் ஜெபித்தவளுக்கும் அதே பேர், சத்தமாய் ஜெபித்தவர்களுக்கும் அதே பேர். இரண்டு ஜெபமும் தேவனிடத்தில் போய்ச் சேர்ந்தது.

5. வறட்சியின் காலம்

இதை எழுதாமல் முடித்தால் நான் மேய்ப்பன் அல்ல. நம்முடைய பிரசங்கங்களில் உணர்ச்சி வந்தால் அபிஷேகம், வராவிட்டால் பின்மாற்றம் என்ற எண்ணம் வளர்ந்துவிட்டது. அதனால் ஒன்றும் உணராத விசுவாசி வெளியே சொல்ல வெட்கப்படுகிறான். கையைத் தூக்குகிறான், உள்ளே காலியாயிருக்கிறான். கொஞ்ச நாளில் சபைக்கு வருகிறதையே விட்டுவிடுகிறான்.

சிலுவையின் யோவான் என்பவரை 1577-ஆம் வருஷக் கடைசியில் அவருடைய சொந்தத் துறவற சபையாரே பிடித்து டொலேடோவில் ஒரு சின்ன அறையில் அடைத்துவைத்தார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில்தான் தப்பினார். அந்த இருட்டுக்குள் அவர் பாட்டு எழுதினார். தேவன் தம்முடைய பிள்ளையைச் சில காலம் ருசியற்ற இருளில் நடத்துகிறார், வரங்களின் இனிப்பை அல்ல, வரங்களைக் கொடுக்கிறவரையே நேசிக்கக் கற்றுக்கொள்ளும்படிக்கு என்று போதித்தார். கொல்கத்தாவின் அன்னை தெரேசா 1997-இல் மரித்தார். அவருடைய கடிதங்கள் 2007-இல் புத்தகமாய் வந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் தேவ பிரசன்னத்தை உணராமலே ஜெபித்து ஊழியம் செய்திருக்கிறார். உணர்வு போயிற்று, அதிகாலை ஜெபத்தை அவர் விடவில்லை.

22-ஆம் சங்கீதத்தை எழுதினவன் கைவிடப்பட்டவனைப்போல அலறினான். ஆனாலும் தேவனை நோக்கித்தான் அலறினான். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்லுகிறது. ஒன்றும் வராத நாளில் முழங்காலில் இருக்கிறதே ஜெபம்.

நாம் செய்ய வேண்டியது

"கத்தோலிக்கரிடத்தில் நாம் என்னத்தைக் கத்துக்கறது?" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். அவருக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். 1967 பிப்ரவரியில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து துக்கேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு வாரக்கடைசித் தியானத்துக்குக் கூடினார்கள். முன்கூட்டியே அவர்கள் வாசித்து வந்தது அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் நாலு அதிகாரங்களும், டேவிட் வில்கர்சன் என்ற பெந்தெகொஸ்தே போதகர் தம்முடைய நியூயார்க் ஊழியத்தைப் பற்றி எழுதிய புத்தகமும். அங்கே ஆவியானவர் அவர்களைத் தொட்டார். கத்தோலிக்கருக்குள் கரிஸ்மாட்டிக் எழுப்புதல் தொடங்கிற்று. நம்முடைய ஆள் எழுதினதை அவர்கள் வாசித்தார்கள். கதவை அடைத்து ஜெபிக்கிறதைப் பற்றி அவர்கள் எழுதினதை நாம் சோதித்து வாசித்தால் குறைந்துபோவோமோ?

ஆவியோடும் ஜெபிப்பேன், கருத்தோடும் ஜெபிப்பேன் என்ற பவுலின் தீர்மானத்தை 1 கொரிந்தியர் 14-இல் காண்கிறோம். அந்நிய பாஷையை விடச் சொல்லவில்லை, துதியைக் குறைக்கச் சொல்லவில்லை. அதனோடுகூட இந்த மாதம் மூன்றை ஆரம்பியுங்கள். காலையில் வேதத்தின் ஒரு சிறு பகுதியை மென்று ஜெபியுங்கள். ராத்திரி படுக்குமுன் ஐந்து நிமிஷம் நாளின் கணக்கைப் பாருங்கள். நடுவில் ஒரு பத்து நிமிஷம் செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஆண்டவர் சமுகத்தில் அமர்ந்திருங்கள். வீட்டில் தனி அறை இல்லையா? பாரிஸ் பட்டணத்து மடத்துச் சமையல்கட்டில் பாத்திரங்களுக்கு நடுவே வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் அங்கேயே தேவ பிரசன்னத்தைப் பழகினார். அடுப்பங்கரையும் அறைவீடுதான், மொட்டைமாடியும் அறைவீடுதான்.

ஆர்.சி. தாய் தகப்பன் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சாட்சி அவர்களோடு தர்க்கம் பண்ணுகிறதினால் வருகிறதல்ல. நம்ம பிள்ளை சபை மாறிப் போனதுக்கு அப்புறம் முன்னைவிட அதிகமா ஜெபிக்கிறான் என்று அவர்கள் காணட்டும். அதுவே பேசும்.

ஜெபிப்போம்: அந்தரங்கத்தில் காண்கிற எங்கள் பிதாவே, கூட்டத்தில் திறந்த எங்கள் வாயை வீட்டில் அடைத்துவைக்காதபடி எங்களுக்கு உதவி செய்யும். மழை இல்லாத நாளிலும் வாளியை எடுக்கிற பெலன் தாரும். வறண்ட உள்ளத்தோடு இதை வாசிக்கிற உம்முடைய பிள்ளையை நீர் கைவிடவில்லை என்று காண்பித்தருளும். ஒரே மத்தியஸ்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் அன்பு சகோதரன்